26-ஆம் நாள் போன கடிதம்

மண் பரிசோதனை அறிக்கையில் பாறை 6 மீட்டருக்குக் கீழே என்று இருந்தது. நாங்கள் அஸ்திவாரக் குழி தோண்டும்போது மூன்றரை மீட்டரிலேயே பொக்லைன் பல் கணீரென்று மோதியது. உரிமையாளர் தரப்பு இன்ஜினியரிடம் வாயால் சொன்னேன். "வேலையைப் பாருங்க, பில் போடும்போது பேசிக்கலாம்" என்றார். நல்ல மனிதர். அதனாலேயே எழுத்தில் கொடுக்கக் கூச்சமாக இருந்தது.

எங்களுடையது 2017 ஃபிடிக் சிவப்புப் புத்தக ஒப்பந்தம், அதாவது கட்டுமான வேலைகளுக்கான சர்வதேச மாதிரி ஒப்பந்தம். விஷயம் தெரியவந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் கூடுதல் பணம், கூடுதல் நாள் இரண்டுமே கைவிட்டுப் போகலாம். 26-ஆம் நாள் ராத்திரி பத்து வரியில் எழுதி அனுப்பினேன். மறுநாள் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் பேச்சுவார்த்தைக்கு 42 நாள், அந்த இன்ஜினியர் தீர்மானம் சொல்ல இன்னொரு 42. அனுபவமுள்ள காண்ட்ராக்டர் இதை யூகித்திருக்க வேண்டும் என்று தள்ளிவிட்டார். அதிருப்தி நோட்டீஸ் கொடுத்து, இரு தரப்புக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லும் தகராறு வாரியத்துக்குப் போனோம். வாரியம் என்றாலும் ஒரே உறுப்பினர்தான். வேலை தொடங்கியபோதே நியமித்திருந்தோம். இரு தரப்பும் சேர்ந்து கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே வந்து பேசித் தீர்க்க உதவியிருப்பார். கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அவர் வந்ததும் எங்கள் கோப்பைத் திறக்கவில்லை. நேராகக் குழியருகே போய் நின்று, "சைட் டைரி இருக்கா?" என்றார்.

எங்கள் ஃபோர்மேனின் டைரி சேறும் கிரீஸுமாக இருந்தது. பாறை உடைக்கும் பிரேக்கர் ஓடிய மணி, தேய்ந்த உளி, சும்மா நின்ற ஆட்கள் என்று தினமும் எழுதி, எதிர்த்தரப்பு சூப்பர்வைசரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். நடுவில் நாலு பக்கம் காலி. அவர் லீவில் போன நாட்கள். எழுத வேண்டியவன் நான்.

வாரியத்துக்கான 84 நாள் கெடு முடிவதற்குள் முடிவு வந்தது. நாங்கள் கூடுதலாகக் கேட்டது 23 நாள், கிடைத்தது 17. காலியாக விட்ட நாலு நாள் போயிற்று. எங்கள் பிரேக்கரே பழுதாகி நின்ற இரண்டு நாளும் போயிற்று. அதையும் ஃபோர்மேன் ஒளிக்காமல் எழுதிவைத்திருந்தார். செலவும் அதே கணக்கில்தான். கசப்புதான், ஆனாலும் 28 நாளுக்குள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. முடிவு உறுதியானது.

அடுத்த குழியில் ஊற்று கிளம்பியபோது அந்த இன்ஜினியர் எட்டிப் பார்த்துவிட்டு, "நோட்டீஸ் போட்டாச்சா?" என்றார்.