எக்ஸோஸ்கெலிட்டனில் நடப்பவருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

வடசென்னையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கால் செயலிழந்த நோயாளி மோட்டார் பொருத்திய எக்ஸோஸ்கெலிட்டனில் (கால்களோடு சேர்த்துக் கட்டும் இயந்திரச் சட்டகம்) நடப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "மாட்டி வுட்டா போதும், அதுவே இட்டுனு போவுது."

இடுப்பிலும் முழங்காலிலும் இருக்கும் மோட்டார்கள் காலைத் தூக்கி வைப்பது உண்மைதான். ஆனால் நாங்கள் பயன்படுத்தும் வகையில், எடையை ஒரு காலுக்கு மாற்றி லேசாக முன்னால் சாய்ந்தால்தான் சென்சார் அடுத்த அடியை எடுக்க வைக்கும். அப்படிச் சாய்வதும், ஊன்றுகோலை ஊன்றி விழாமல் நிற்பதும் தோள், கை, வயிற்றுத் தசைகளின் பாடு. ரீவாக் என்ற எக்ஸோஸ்கெலிட்டனை உருவாக்கிய இஸ்ரேல் பொறியாளர் அமித் கோஃபர், 1997இல் நடந்த விபத்தில் கை கால் நான்கும் பாதிக்கப்பட்டவர். ஊன்றுகோலைப் பிடித்து ஊன்ற முடியாததால், தான் செய்த கருவியில் அவராலேயே நடக்க முடியவில்லை.

ராயபுரம் பக்கம் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் எங்களிடம் வருகிறார். விழுந்ததில் தண்டுவடத்தில் டி-10 மட்டத்தில் (நடுமுதுகுக்குச் சற்றுக் கீழே) அடி. "75 கிலோ மூட்டைய அசால்ட்டா தூக்கினவன் சார், இதுக்கு இன்னாத்துக்கு மூச்சு வாங்குது?" என்று கோபப்பட்டார். நியாயமான கோபம். மூட்டையைத் தூக்க உதவியவை தொடையும் இடுப்பும். ஊன்றுகோலை அழுத்தி உடம்பை நிமிர்த்த வேண்டியவையோ மேல்கையின் பின்பக்கத் தசையும், அக்குளுக்குக் கீழே முதுகில் விரியும் தசையும். போதாததற்குப் பயம் வேறு. கைப்பிடியை நெரிப்பதுபோல் பிடிப்பார், தோள் காதுவரை ஏறிவிடும், உள்ளங்கை கன்றிச் சிவந்துவிடும். பாதித் தெம்பு அங்கேயே போய்விடும். "பிடியை லூசா விடுங்கண்ணே" என்பதுதான் நான் அவரிடம் அதிகம் சொன்னது.

வேர்வை இன்னொரு தொல்லை. பனியனைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். கால் மட்டும் காய்ந்து கிடக்கும். அடிபட்ட மட்டத்துக்குக் கீழே வேர்க்கச் சொல்லும் நரம்புச் செய்தி சரியாகப் போவதில்லை. மே மாதப் புழுக்கத்தில் உடம்புச் சூடு இறங்க நேரமாகும். (ஏசி இருக்கிறதே என்பார்கள். கரண்ட்டும் இருக்க வேண்டுமே.)

களைப்பை 6 முதல் 20 வரை எண்ணால் சொல்லக் கேட்கும் போர்க் அளவுகோல் எங்களிடம் உண்டு. அண்ணன் எண் சொல்லவே மாட்டார். "ஒரு லாரி லோடு சார்" என்பார். நான் 17 என்று எழுதிக்கொள்வேன். பிடி தளர்ந்த பிறகு அது "அரை லாரி" ஆனது, நாடித்துடிப்பும் கூடவே இறங்கியது.

வீல்சேரை விற்றுவிடலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில் இக்கருவிகளில் நடப்பவர்களின் சராசரி வேகம் நொடிக்கு 0.26 மீட்டர். சாதாரண நடையில் 1.2 மீட்டருக்கு மேல் போகலாம். எங்கள் பக்கத்துச் சந்துகளின் வாசற்படிக்கும் திறந்த கால்வாய்க்கும் இந்தக் கருவி சரிப்படாது. பக்கத்தில் ஆளும் வேண்டும். நிற்காமலே இருந்ததில் கால் எலும்பு மெலிந்திருக்கும் என்பதால், அதன் அடர்த்தியைப் பார்க்காமல் யாரையும் நிறுத்துவதும் இல்லை.

அண்ணனின் மனைவிக்கு வேகக் கணக்கெல்லாம் பொருட்டில்லை. "ராத்திரில காலு வெட்டி வெட்டி இழுக்கறது கொறைஞ்சிருக்கு சார். காலையில மொத ஆளா டைம் குடுங்க, வெயில் ஏறிட்டா இவரால முடியல" என்கிறார்.