டிக்கிக் கதவும் பதினோரு நாளும்

மார்ச் 2, ஞாயிறு

பட்டனை அழுத்தினால் காரின் டிக்கிக் கதவு கம்பீரமாக மேலே போகிறது. மூடச் சொன்னால்தான் வம்பு. ஒரு முழம் இறங்குகிறது, நிற்கிறது, மூன்று முறை கீச்சிட்டுவிட்டு மறுபடி மேலே ஏறிவிடுகிறது. நடுவில் கை இல்லை, பை இல்லை, ஒன்றுமே இல்லை. கடைசியில் கையால் இழுத்துச் சாத்தினேன். மோட்டாரையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் நல்ல கனம்.

மார்ச் 3, திங்கள்

வோல்டேஜ் குறைந்தால் இந்த மாதிரிக் கதவுகள் முரண்டு பிடிக்கும் என்பதால் முதலில் பேட்டரி. 12.5 வோல்ட், குறை சொல்ல முடியாது. ஃபியூஸும் சரி. அது போயிருந்தால் கதவு மேலேயே போயிருக்காதே! பார்த்ததே வீண்.

பூட்டில் பிசுக்கு அப்பியிருந்தது. துடைத்து கிரீஸ் வைத்தேன். கதவு தன் எல்லையை மறந்திருக்கலாம் என்று, கையால் முழுதாக மூடி, பட்டனால் முழுதாகத் திறந்து மறுபடி பழக்கினேன். இரண்டு முறை அழகாக மூடியது. வெற்றி என்று வீட்டுக்குள் போய்ச் சொல்லிவிட்டு வந்து மூன்றாவது முறை அழுத்தினால், அதே ஒரு முழம், அதே மூன்று கீச்.

மார்ச் 5, புதன்

காரின் கோளாறுப் பதிவைப் படிக்கும் ஸ்கேனரை அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கி மாட்டினேன். ஒரே ஒரு கோளாறு பதிவாகியிருந்தது: இடப்பக்க நசுங்கல் தடுப்புப் பட்டை, சர்க்யூட் துண்டிப்பு.

கதவின் இரு ஓரங்களிலும் ரப்பர் பட்டை ஓடுகிறது. அதற்குள் ஒன்றையொன்று தொடாத இரண்டு மின்கடத்திகள். முனையில் இரண்டையும் இணைக்கும் ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை. விரல் பட்டு ரப்பர் அமுங்கினால் இரண்டும் தொட்டு ரெசிஸ்டன்ஸ் விழும், கதவு பின்வாங்கும். ரெசிஸ்டரே காணாமல் போனாலும், எதற்கு வம்பு என்று பின்வாங்கிவிடும். திறக்கும்போது இந்தப் பட்டைக்கு வேலையில்லை. ஏறுவது சரி, இறங்குவது மட்டும் தகராறு என்பதற்கு இதுதான் காரணம்.

திருடன் சிக்கிவிட்டான் என்று புதுப் பட்டைக்கு ஆர்டர் போட்டேன்.

மார்ச் 8, சனி

பட்டை வந்தது. உள் மூடியைக் கழற்றியதில் இரண்டு கிளிப் உடைந்தன. மாட்டினேன், அழுத்தினேன். ஒரு முழம், மூன்று கீச்.

பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்: "பழசை அளந்து பாத்தீங்களாப்பா?"

பார்க்கவில்லை. கழற்றிப் போட்டிருந்ததை எடுத்து மல்டிமீட்டர் வைத்தேன். முனையிலிருக்கும் ரெசிஸ்டரின் ஒரு கிலோ ஓம், ஆடாமல் அசையாமல் நின்றது. ரப்பரை அமுக்கினால் பூஜ்யத்தை ஒட்டி விழுந்தது. தங்கமான பட்டை. ஸ்கேனர் 'சர்க்யூட்' என்றுதான் சொல்லியிருக்கிறது. நான்தான் அதைப் 'பட்டை' என்று படித்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று பட்டையை விட்டுவிட்டு மறுமுனைக்குப் போனேன். பின் பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும் கண்ட்ரோல் யூனிட்டின் பிளக்கைக் கழற்றி, பட்டைக்குப் போகும் இரண்டு வயர்களில் மீட்டரை மாட்டினேன். கதவு மேலே இருக்கும்போது ஒரு கிலோ ஓம். மகள் கதவை மெல்ல இறக்கினாள். ஒரு முழம் வந்ததும் எண் துள்ளியது, பிறகு துண்டிப்பு. "மேல தூக்கு." எண் திரும்ப வந்தது. "இறக்கு." போனது. பத்து முறையாவது செய்திருப்போம். சலித்துப்போனது அவளுக்குத்தான், எனக்கு இல்லை.

அந்த உயரத்தில் அசைகிற வயர் ஒரே இடத்தில்தான்: கூரைக்கும் கதவுக்கும் நடுவே கீல் ஓரமாக வளைந்து போகும் ரப்பர் குழாய். பிதுக்கி வெளியே இழுத்து, டேப்பைப் பிரித்தேன். ஐந்து வயர்களில் மேலுறை வெடித்திருந்தது. இரண்டு உள்ளேயே அறுந்து, செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. கதவு மேலே இருக்கும்போது அறுந்த முனைகள் முத்தமிட்டுக்கொள்கின்றன, இறங்கினால் பிரிகின்றன.

அறுந்த இன்னொன்று நம்பர் பிளேட் விளக்குக்குப் போவது. ஒரு மாதமாக அது எரிவதும் அணைவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். கதவுக்கு ஒரு மரக்கட்டை முட்டு. தலைக்கு மேலே வேலை, மோட்டாரை நம்பத் தயாரில்லை.

அறுந்த இடத்தில் அப்படியே ஈயம் வைப்பதுதான் சுலபம். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஊறி வயர் குச்சியாகிவிடும். வளையும் இடத்தில் குச்சி நிற்காது. அதனால் இரு பக்கமும் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, நடுவில் ஒரு சாண் மெல்லிழை சிலிக்கான் வயர் சேர்த்தேன். ஒட்டுகள் குழாய்க்கு வெளியே, அசையாத இடத்தில், ஒன்றின்மேல் ஒன்று வராமல் முன்னும் பின்னுமாக. நிறம் குழம்பாமலிருக்க ஒரு வயரை முடித்த பிறகே அடுத்ததை வெட்டினேன். இத்தனை ஜாக்கிரதையிலும் நான்காவது வயரில், சூடு காட்டினால் சுருங்கி ஒட்டை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழலை முதலில் கோர்க்க மறந்து, ஒட்டைப் பிரித்து மறுபடி செய்தேன். ஐந்து வயருக்கு மூன்று மணி நேரம்.

மார்ச் 12, புதன்

ரப்பர் குழாயைச் சோப்புத் தண்ணீர் தொட்டு ஓட்டைக்குள் நுழைத்தேன். மீட்டரை மாட்டிக் கதவை இறக்கினோம்; ஒரு கிலோ ஓம் கடைசிவரை அசையவில்லை. பிளக்கைப் போட்டு, கோளாறுப் பதிவை அழித்து, எல்லையைப் பழக்கினேன். சுருட்டிய துண்டைக் குறுக்கே வைத்தபோது, தொட்டதும் பின்வாங்கியது. துண்டில்லாதபோது நேராக இறங்கி, பூட்டு 'ங்ர்ர்' என்று இழுத்துச் சாத்திக்கொண்டது. இருபது முறை சோதித்தோம். நம்பர் பிளேட் விளக்கும் தட்டாமலே எரிகிறது.

புதுப் பட்டை காரிலேயே இருக்கட்டும். பழையதைச் சுருட்டி வைக்கப் போனபோது மகள் அதில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள்: "இது நல்லாத்தான் இருக்கு."