வெளி எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸ்: பூட்லோடர் எந்த டிஸ்கில் போய் உட்காருகிறது?

யு.எஸ்.பி.யில் செருகும் எஸ்.எஸ்.டி.யில் உபுண்டுவையோ டெபியனையோ முழுதாக நிறுவிவிடலாம். எந்தக் கணினியில் செருகினாலும் உங்கள் கோப்புகள், மென்பொருள்கள், அமைப்புகள் எல்லாம் அப்படியே இருக்கும். வேலையும் எளிதுதான். ஆனால் கணினியைப் போட்டதும் இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரலான பூட்லோடர் விஷயத்தில் கண் அசந்தால் வெளி டிரைவும் கெடும், கணினிக்குள் இருக்கும் விண்டோஸுக்கும் தொல்லை. இந்தப் பதிவில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் பொருள்கள். இன்ஸ்டாலரை எழுத 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று, ரூஃபஸ், வென்டாய், எட்சர் எதைக் கொண்டும் எழுதலாம். லினக்ஸ் குடியேறப்போகும் டிரைவாகப் பென்டிரைவை வைக்காதீர்கள். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது அது வேகமாகத் தெரியும். ஆனால் இயங்குதளம் ஓயாமல் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும், அங்கே அது திணறும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். 256 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி., யு.எஸ்.பி. 3.0 உறை, தரமான குட்டைக் கேபிள் போதும். ஹப் வழியாக வேண்டாம், கணினியின் போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள்.

இனி சிக்கலுக்கு வருவோம். யூ.இ.எஃப்.ஐ. (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க மென்பொருள்) உள்ள கணினிகளில் பூட்லோடர், இ.எஸ்.பி. எனப்படும் சிறிய ஃபேட்32 பார்ட்டிஷனில் இருக்கும். விண்டோஸ் உள்ள கணினியின் உள் டிஸ்கில் அது ஏற்கெனவே உண்டு. உபுண்டு 22.04-இன் இன்ஸ்டாலரில் பூட்லோடருக்கான இடமாக நீங்கள் வெளி டிரைவைத் தேர்ந்தெடுத்தாலும், அது அதைப் பொருட்படுத்தாமல் முதலில் கண்ணில் படும் இ.எஸ்.பி.யில், அதாவது உள் டிஸ்கில், லினக்ஸின் பூட்லோடரான கிரப்பை எழுதிவிடும். நிறுவி முடித்ததும் எல்லாம் சரியாகவே ஓடும், அதனால் தவறு தெரியாது. டிரைவைக் கழற்றிவிட்டுக் கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் கிரப் கட்டளைக்காகக் காத்து நிற்கும். அது தேடும் லினக்ஸ் பார்ட்டிஷன் இப்போது இல்லையே! அதே டிரைவை வேறொரு கணினியில் செருகினால், அதில் பூட்லோடரே இல்லாததால் பூட் மெனுவிலேயே வராது.

இதைத் தவிர்க்க மிகவும் உறுதியான வழி, நிறுவும்போது உள் டிஸ்க் கண்ணில் படாமல் செய்வது. டெஸ்க்டாப் என்றால் அதன் கேபிளைக் கழற்றுங்கள். சில லேப்டாப்களில் பயாஸிலேயே அந்த டிஸ்கை முடக்கலாம். இரண்டும் முடியாவிட்டால், லைவ் அமர்வில் (பென்டிரைவிலிருந்தே, நிறுவாமல் ஓடும் லினக்ஸ்) பார்ட்டிஷன் கருவியான ஜிபார்ட்டெடைத் திறந்து, உள் டிஸ்கின் இ.எஸ்.பி.யில் உள்ள 'பூட்', 'இ.எஸ்.பி.' கொடிகளை (அடையாளக் குறிகளை) எடுத்துவிட்டு நிறுவுங்கள். முடிந்ததும், மறுதொடக்கம் செய்வதற்கு முன்பே, அவற்றைத் திரும்பப் போட்டுவிடுங்கள். இதை மறந்தால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம்.

வெளி டிரைவில் ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணை போட்டு, 512 எம்.பி. அளவில் ஃபேட்32 இ.எஸ்.பி. ஒன்றும், மீதி இடம் முழுக்க இஎக்ஸ்டி4 ஒன்றும் வையுங்கள். கையில் எடுத்துச் செல்லும் டிரைவ், தொலைய வாய்ப்பு அதிகம்; ஆகவே நிறுவும்போதே லக்ஸ் குறியாக்கத்தையும் (கடவுச்சொல் இல்லாமல் டிரைவைப் படிக்க முடியாதபடி செய்வது) போட்டுவிடுவது என் பரிந்துரை. குறியாக்கம் போட்டால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் கோப்புகளுக்குத் தனியாக 1 ஜி.பி. பூட் பார்ட்டிஷனும் தேவைப்படும்.

ஏற்கெனவே கிரப் தப்பான இடத்தில் போய்விட்டதா? மறுபடி நிறுவ வேண்டியதில்லை. வெளி டிரைவில் உள்ள லினக்ஸுக்குள் நுழைந்து, எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் பூட்/இ.எஃப்.ஐ. வரியில் இருக்கும் யு.யு.ஐ.டி.யை (பார்ட்டிஷனின் அடையாள எண்ணை) வெளி டிரைவின் இ.எஸ்.பி.க்கு உரியதாக மாற்றுங்கள். பழைய மவுண்ட்டை (இணைப்பை) நீக்கிப் புதியதை மவுண்ட் செய்த பிறகு, கிரப்-இன்ஸ்டால் கட்டளையை 'ரிமூவபிள்' தெரிவுடன் ஓட்டுங்கள். இந்தத் தெரிவுதான் உயிர்நாடி. வழக்கமாக நிறுவும்போது பூட்லோடரின் முகவரி மதர்போர்டின் நினைவகத்தில் பதிவாகும். வேறு கணினிக்கு அந்த முகவரி தெரியாது. 'ரிமூவபிள்' என்றால், இ.எஃப்.ஐ. கோப்புறைக்குள் பூட் என்ற கோப்புறையில், பூட்எக்ஸ்64 என்ற பெயரில் கோப்பு எழுதப்படும். முகவரி எதுவும் பதிவாகாத டிரைவில் எல்லாக் கணினிகளும் தேடிப் பார்க்கும் இடம் அது. டெபியனில், கிரப் தொகுப்பை டிபிகேஜி-ரீகான்ஃபிகர் செய்தால், இந்த இடத்திலும் எழுதலாமா என்ற கேள்வி வரும். ஆம் என்று சொல்லிவிட்டால் பின்னாளில் அப்டேட் வரும்போதும் அந்தக் கோப்பு புதுப்பிக்கப்படும்.

ஃபெடோராவில் இன்னொன்று கவனிக்க வேண்டும். பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பான அதன் இனிட்ராம்எஃப்எஸ், நிறுவிய கணினிக்குத் தேவையான டிரைவர்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். அதை உருவாக்கும் கருவியான டிராகட்டை 'நோ-ஹோஸ்ட்ஒன்லி' தெரிவுடன் ஓட்டினால்தான் வேறு கணினிகளிலும் நம்பிப் பூட் செய்யலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று உறைந்து, டிமெஸ்ஜி காட்டும் கர்னல் செய்திப் பதிவில் யு.ஏ.எஸ். (யு.எஸ்.பி. டிரைவுடன் வேகமாகப் பேசும் முறை) பிழைகள் வரிசையாக வந்தால், பெரும்பாலும் உறையில் உள்ள சிப்தான் காரணம். எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் உறையின் அடையாள எண்களை எடுத்து, கர்னல் வரியில் யு.எஸ்.பி.-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் அளவுருவில் கடைசியில் 'யு' சேர்த்துக் கொடுத்தால் யு.ஏ.எஸ். அந்த உறைக்கு மட்டும் அணைந்துவிடும். வேகம் கொஞ்சம் குறையும், உறைவது நிற்கும். அப்படியும் நிற்கவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9, ஆசஸ் லேப்டாப்களில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் முதலில் பயாஸுக்குள் போய் அதை இயக்க வேண்டும். செக்யூர் பூட்டை (கையொப்பம் இல்லாத பூட்லோடரைத் தடுக்கும் அமைப்பை) அணைக்க அவசரப்படாதீர்கள். உபுண்டு, டெபியன், ஃபெடோரா மூன்றுமே அது இயங்கும்போதே பூட் ஆகும். அணைத்தால், பிட்லாக்கர் என்ற டிஸ்க் குறியாக்கம் உள்ள விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும்.

லினக்ஸில் வேலை முடித்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கலாம். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் யு.டி.சி. (உலகப் பொது) நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. ஒரே கணினியில் மட்டும் பயன்படுத்துபவர்கள் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் 'செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுத்தால் சரியாகிவிடும். பல கணினிகளில் செருகுபவர்கள் இதையும் தொடாமல், விண்டோஸிலேயே இணையத்தோடு நேரத்தை ஒத்திசைத்துக்கொள்ளலாம்.