என் ரிங்குக்கு நாய் அனுப்பும் முன்

ஆன்லைனில் நாய் வளர்த்து, குட்டி எடுத்து, ஷோவுக்கு அனுப்பும் விளையாட்டு ஒன்றில் என்னை ஜட்ஜ் ஆக்கினாலும் ஆக்கினார்கள், இன்பாக்ஸ் முழுக்க ஒரே கேள்வி: உங்களுக்கு எப்படிப்பட்ட நாய் பிடிக்கும்? சரி, ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். என் ரிங்குக்கு, அதாவது நான் மார்க் போடும் களத்துக்கு, வருவது ஹெர்டிங் குரூப், மந்தை மேய்க்கும் இனங்கள். ஆடு மாடுகளோடு நாள் முழுக்க ஓடக்கூடிய உடம்பா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன், மற்றதெல்லாம் அப்புறம்.

ஜெர்மன் ஷெப்பர்டில் இருந்தே தொடங்குகிறேன், வம்பு முழுக்க அங்கேதான். பின்னங்கால் வளைவுக்கு விளையாட்டில் ஒரு எண் இருக்கிறது, அது ஏற ஏற நாய் நல்ல நாய் என்று யாரோ கிளப்பிவிட, ஆளாளுக்கு ஏற்றிக்கொண்டே போகிறார்கள், படத்தில் பார்த்தால் பின்பகுதி தரையோடு போகிறது. நாய் இனங்களுக்கான சர்வதேச அமைப்பான எஃப்சிஐயின் ஸ்டாண்டர்டை, அதாவது இந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறையை, ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆண் நாய் 60 முதல் 65 செ.மீ. உயரம், உடல் நீளம் உயரத்தைவிட 10 முதல் 17 சதவீதம் அதிகம், இடுப்புச் சரிவு சுமார் 23 டிகிரி. எல்லாமே ஒரு அளவுக்குள்தான், எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று எங்கேயும் இல்லை. நிஜ ரிங்கிலும் இது நடந்ததுதான். பிரிட்டனின் பெரிய நாய் ஷோவான கிரஃப்ட்ஸில், 2016-ல், அந்த இனத்தின் முதல் பரிசு வாங்கிய நாயின் முதுகும் நடையும் டிவியில் வந்ததும் ஜனங்கள் கொதித்துப்போனார்கள். அதற்கு முன்பே, 2012-ல், அதே ஷோவில் புல்டாக், பெகிங்கீஸ் உட்பட ஆறு இனங்களில் ஜெயித்த நாய்களைக் கால்நடை மருத்துவர்கள் சோதித்து அடுத்த சுற்றுக்கே விடவில்லை. ஜட்ஜ் கொடுத்த பரிசை டாக்டர் தடுத்தால் ஜட்ஜின் முகம் எப்படி இருந்திருக்கும்!

ஒரு ஜட்ஜ் எதற்கு ரிப்பன் கொடுக்கிறாரோ அதைத்தான் எல்லாரும் குட்டி எடுப்பார்கள். நிஜத்தில் இந்த மாற்றம் தெரியவே பல வருடம் ஆகும், இங்கே ஒரு வாரத்தில் எல்லார் கென்னலிலும் அதே நாய் நிற்கும். அதனால்தான் அளவு மீறிய எண்களுக்கு நான் மார்க் குறைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், அதன் மெர்ல் நிறம். பார்க்க அழகுதான், சாம்பலில் கறுப்பைத் தெளித்த மாதிரி. ஆனால் மெர்லோடு மெர்லைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டியும் இரட்டை மெர்லாக, அதாவது அப்பா அம்மா இருவரிடமும் மெர்ல் மரபணுவை வாங்கிக்கொண்டு, பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அவை பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும், காது கேட்காமலோ கண் தெரியாமலோ பிறக்கும் ஆபத்து மிக அதிகம். விளையாட்டில் அந்தக் குட்டிக்கு ஒன்றும் ஆகாது, "அபூர்வ நிறம்" என்று ஏலத்தில் விலை போகிறது, எனக்கு எரிச்சலே அதுதான். அமெரிக்க ஸ்டாண்டர்டில் உடம்பில் வெள்ளைத் திட்டு இருந்தாலே தகுதி நீக்கம், என் ரிங்கிலும் அப்படியே. மெர்லைக் கறுப்போடோ சிவப்போடோ சேருங்கள், மெர்ல் குட்டியும் கிடைக்கும், இந்தத் தலைவலியும் இருக்காது. நீல மெர்ல், சிவப்பு மெர்ல், கறுப்பு, சிவப்பு நாலுக்கும் ஸ்டாண்டர்டில் ஒரே மதிப்பு. சாதாரணக் கறுப்பு நாய் என்று கூச்சப்பட்டு வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், தாராளமாக அனுப்புங்கள்.

கண் நிறம் எனக்குப் பொருட்டே இல்லை. பல் வரிசை பார்ப்பேன். சாம்பியன் பரம்பரை என்று பெயரில் நாலு பட்டம் சேர்த்து அனுப்புகிறவர்களுக்கு, நான் வம்சாவளிப் பக்கத்தைத் திறப்பதே இல்லை, நிற்கிற நாய்க்குத்தான் மார்க்.

இதெல்லாம் ஒத்துவராது என்பவர்கள் பக்கத்து ரிங்குக்குப் போகலாம். அங்கே இருக்கும் ஜட்ஜுக்கு அடர்ந்த முடி என்றால் உயிர், அதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.