நக்கீரன் வேஷம்

பெப்ரவரி 26, 2025, சிவராத்திரி

திருகோணமலைக் கோணேசர் கோயிலிலிருந்து வீட்டுக்கு வர நள்ளிரவு தாண்டிவிட்டது. கோயில் இருக்கும் கோட்டைக்குள் மான்கள்கூடப் படுத்துவிட்டன. நித்திரையை விரட்ட வழக்கம்போலத் 'திருவிளையாடல்' போட்டோம். மருமகனுக்கு ஒரே சிரிப்பு. "மாமா, எல்லாரும் ஏன் மேடையில நிக்கிற மாதிரியே கதைக்கிறாங்க?"

பெப்ரவரி 27

தலையிடி. வேறொன்றுமில்லை.

பெப்ரவரி 28

அவன் கேட்டது சரியான கேள்விதான். படத்தை இயக்கிய ஏ.பி.நாகராஜன் மேடையில் வளர்ந்த ஆள். 1928இல் பிறந்து, சிறுவனாகவே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து பெண் வேஷம் கட்டியவர். சினிமாவிலும் முதலில் எழுத்துதான். 1958இல் வந்த 'சம்பூர்ண ராமாயணம்' அவர் எழுதியது, இயக்கியது கே.சோமு. இயக்குநரான பிறகும் முதலில் எடுத்தது குடும்பக் கதைதான். 1965இல் சிவனைப் பிடித்தார், குடும்பத்தை விடவில்லை. பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போன பிள்ளையைத் தாய் கதை சொல்லித் தேற்றுகிறாள், 'திருவிளையாடல்' அவ்வளவுதானே? அடுத்த வருடம் 'சரஸ்வதி சபதம்'. கல்வியா, செல்வமா, வீரமா என்று மூன்று தேவியரும் மல்லுக்கு நிற்கிறார்கள். பெண் வேஷம் கட்டிப் பேசிப் பழகிய வாய்க்குத்தான் அந்த ரோஷம் வரும் என்று எனக்குப் படுகிறது.

மார்ச் 1

நகர்வலம். வாசலில் நிறைகுடம் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். சுவாமி வரத் தாமதம். எங்கோ ஒலிபெருக்கியில் தருமி புலம்பத் தொடங்கினான். படம் இல்லை, குரல் மட்டும். மருமகன் போனை மடியில் வைத்துவிட்டுக் காது கொடுத்தான். எனக்கும் சின்ன வயதில் வசனம்தான் முதலில் பாடமானது, படம் பிறகுதான். தருமிக்கு நானாக ஒரு முகம் வைத்திருந்தேன். அப்புறம் திரையில் நாகேஷைக் கண்டபோது கொஞ்சம் ஏமாற்றம். (வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள்.)

மார்ச் 3

நாகராஜனின் 'ராஜராஜ சோழன்', 1973. தமிழின் முதல் சினிமாஸ்கோப். பாதியில் நிறுத்திவிட்டேன். திரை அகன்றுவிட்டது, அந்த முற்றத்துச் சண்டையைக் காணோம். அதற்குப் பிறகு அவருக்குக் காலமும் அதிகம் இருக்கவில்லை. 1977இல் போய்விட்டார், 49 வயது.

இரவுச் சாப்பாட்டின்போது மருமகனிடம் ஒன்று சொன்னேன். சிவன் எழுதிய பாட்டிலேயே பிழை சொல்லும் நக்கீரன் வேஷத்தை அந்த மனுஷன் வேறு யாருக்கும் கொடுக்காமல் தானே போட்டுக்கொண்டார் என்று.

"பிழை பிடிக்கிறவரா டைரக்டர்?"

கை கழுவாமலே எழுந்து போய் அந்தக் காட்சியைத் தேடத் தொடங்கிவிட்டான்.