குளிர்த்தி பாடும் வரை

மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறினால் கல்லடிப் பாலம், ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று, வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரை ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். வைகாசி பிறந்துவிட்டால் அந்த வழியில் எங்காவது ஓர் ஒலிபெருக்கியில் உடுக்குச் சத்தமும் காவியப் பாட்டும் காதில் விழாமல் போகாது. சிலப்பதிகாரக் கண்ணகி இங்கே கண்ணகை அம்மன். அவளுக்குச் சடங்கு நடக்கும் மாதம் அது. நான் இறங்குவது கல்முனைக்கும் அப்பால், அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில்.

மூன்று வருடங்களுக்கு முன் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடுதான் போனேன். அன்னதானக் கொட்டிலில் என் மச்சாள் நின்றாள். "சும்மாதானே நிற்கிறாய், இந்த வாழைக்காயைச் சீவித் தா" என்றாள். உட்கார்ந்தவள் விடியும்வரை எழும்பவில்லை. அடுத்த வைகாசியிலிருந்து லீவு போட்டுக்கொண்டு, வேலை செய்வதற்காகவே போகிறேன்.

கொட்டில் கோயிலுக்குப் பின்புறம் இருக்கிறது. அங்கிருந்து அம்மன் தெரியாது. இவ்வளவு தூரம் வந்தும் முகம் பார்க்காமல் இருக்கிறோமே என்று முதல் இரவில் மனம் கிடந்து தவித்தது உண்மை. பிறகு பாட்டுக் கேட்கத் தொடங்கியது.

கண்ணகி கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை என்ற காவியத்தை முன் மண்டபத்தில் ஆண்கள் இரவிரவாகப் பாடுவார்கள். சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கும் அதில் புதிய கதை நிறைய உண்டு. கண்ணகியின் சிலம்புக்குள் வைக்க நாகமணி வேண்டுமென்று மீகாமன் கப்பலேறிப் போவதும், கடலில் வெடியரசனோடு பொருதுவதும் கடலோட்டு காதையில் வரும். கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கும் ஊரில் அதைக் கேட்க வேண்டும். உடுக்கு ஓயும் இடைவெளியில் அலை கேட்கும். அலையை மேவி மறுபடி உடுக்கு எழும்பும். 1892இல் இந்த ஊரில் பிறந்தவர் விபுலாநந்த அடிகள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு பழந்தமிழ் இசைக்குள் இறங்கி, 1947இல் யாழ் நூலை அரங்கேற்றியவர். இந்த மண்ணின் பாட்டு அந்தப் பிள்ளையின் காதில் முதலில் விழுந்திருக்கும் என்று வாழைக்காய் சீவும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

கொட்டிலில் எங்களுக்குத் தலைவி ஒரு மாமி. எழுபது வயதைத் தாண்டியவர். எந்தக் கிடாரத்துக்கு எவ்வளவு உப்பு என்பதைக் கை பார்த்துச் சொல்லிவிடுவார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி, பேக்கரியில் வேலை செய்யும் ஒரு தம்பி, கல்லாற்றிலிருந்து வரும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, நான். வேறெந்த இடத்திலும் நாங்கள் ஒரே பாயில் உட்கார்ந்திருக்க மாட்டோம். முதல் வருடம் ஒருவர் பெயர் மற்றவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் யாருக்குத் தேத்தண்ணீரில் சீனி வேண்டாம், யாருக்கு மூன்று மணிக்குக் கண் சொக்கும் என்பதெல்லாம் தெரியும். நித்திரை வந்தவரின் கையிலிருந்து கத்தியை மெல்ல வாங்கி வைத்துவிட்டு, அவர் பங்கையும் சேர்த்து வெட்டுவோம். அது நட்பானது எந்த இரவில் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டாம் வருடம் கடலோட்டு காதை நடுவே ஒலிபெருக்கி நின்றுபோயிற்று. கொட்டிலில் அடுப்பு எரியும் சத்தம் மட்டும். பேக்கரித் தம்பி வயரைப் பார்க்க ஓடினான். அப்போது, தேங்காய் திருவிக்கொண்டிருந்த மாமி, நின்ற அடியிலிருந்து பாட்டைத் தொடர்ந்தார். உரத்த குரல் அல்ல, தனக்கென்று பாடுவதைப் போல. திருவலையின் கரகரப்பே தாளமாயிற்று. பூ விழுந்த தட்டில் அவருடைய கை நிற்கவேயில்லை. பத்து நிமிடமாவது பாடியிருப்பார். ஒலிபெருக்கி உயிர் பெற்றபோது மண்டபத்திலும் அதே அடி போய்க்கொண்டிருந்தது! நாங்கள் வாயடைத்துப் போனோம். ஏடு பார்த்துப் படித்தீர்களா என்று கேட்டேன். "ஏடு எங்கே மகள், தகப்பன் பாடுவார், நான் மடியில் கிடப்பேன்" என்றார்.

2004 டிசம்பர் 26இல் கடல் இந்த ஊரையும் வாரிக்கொண்டு போனது. மாமியின் வீட்டில் யார் யார் போனார்கள் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கொலைக்களக் காதை தொடங்கியதும் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை மடியில் கோத்துக்கொள்வார். அவரைப் பார்த்து நாங்களும் வைத்துவிடுவோம். காய் குவிந்து கிடக்கும், சோறு பிந்தும், பிந்தட்டும். கோவலனுக்காக ஒரு கொட்டில் முழுக்க வேலையை நிறுத்தியிருப்பதைப் பார்த்த பின்பு, சடங்கு என்ற சொல்லே எனக்கு வேறாகிவிட்டது.

திங்கள் இரவு பொங்கல். விடியப்போகும் நேரத்தில் குளிர்த்தி. மதுரையை எரித்து வந்த தாயின் சினம் ஆறக் குளிர்வித்துப் பாடுகிற பாட்டு அது. அந்த ஒரு நேரம் மட்டும் மாமி எங்களை முன்னுக்கு அனுப்புவார். கையில் வெங்காய மணம், சேலையில் மஞ்சள் கறை. வேப்பிலை வாசம், பெண்களின் குரவை, வேர்த்த முகத்தில் குளிர்த்தித் தண்ணீர் பட்டபோது என்னையறியாமல் அழுதேன். பக்கத்தில் ஆசிரியை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் அழுதுகொண்டுதான் நின்றார்.

இரண்டாம் வருடம் வீட்டிலிருந்து கொண்டுபோன கத்தியைப் புறப்படும்போது தேடினேன். மாமி அதைக் கழுவித் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி, கோயில் பெட்டிக்குள் தன்னுடைய கத்தியோடு வைத்துக்கொண்டிருந்தார். "இது இனி இங்கே இருக்கட்டும்" என்றார்.

இந்த வைகாசியில் பெட்டியைத் திறந்து பேப்பரைப் பிரித்தேன். யாரோ அதைத் தீட்டி வைத்திருந்தார்கள்.