ஓர் ஈற்றுக் குஞ்சுகள்

14 ஜனவரி 2024, அல்சூர், பெங்களூரு

23 நாட்களாக இரை எடுக்காமல் வாய்க்குள்ளேயே முட்டைகளையும் பிறகு குஞ்சுகளையும் காத்துவந்த தாய் மீன், போகியான இன்று காலையில் அவற்றை வெளியே விட்டுவிட்டது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைப் பூர்வீகமாகக் கொண்ட, சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த யெல்லோ லேப் என்ற மஞ்சள் மீன் இது. எண்ணிப் பார்த்ததில் 21 குஞ்சுகள். எல்லாமே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம். தாயின் வயிறு ஒட்டிப்போய்த் தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. குஞ்சுகளை 60 லிட்டர் தொட்டிக்கு மாற்றினேன்.

11 பிப்ரவரி

நான்கே வாரங்களில் இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னால் நம்ப முடியாத நிலை வந்துவிட்டது. தட்டையான கண்ணாடி டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதன் அடியில் ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். பெரியது 2.3 சென்டிமீட்டர், சிறியது 1.3. இரையும் தண்ணீரும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

மாலையில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தூவிய இரை எப்போதும் ஒரே மூலையில்தான் இறங்குகிறது; மூன்று பெரிய குஞ்சுகள் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆகச் சிறியது, துடுப்புகளை உடம்போடு ஒட்டவைத்தபடி, மஞ்சள் வெளுத்து, தண்ணீரைச் சுத்தமாக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டி நிற்கிறது. ஒரு துணுக்குக்காக அது வெளியே வந்தது, கவ்வவும் செய்தது, ஆனால் பெரியது ஒன்று பாய்ந்து வந்ததும் கவ்வியதைத் துப்பிவிட்டு மறுபடியும் ஃபில்டருக்குப் பின்னால் போய்விட்டது. எனக்கு மனம் கேட்கவில்லை.

18 பிப்ரவரி

சிவாஜிநகரில் குஞ்சுகளுக்கு இரையாகும் ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறால் வகையை நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர், "சின்னதையெல்லாம் கழிச்சு விட்டுடுங்க சார், ஆறு மாசம் தீனி போட்டாலும் தேறாது" என்றார். விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் பிறவியிலேயே வளராததும் வளரவிடாமல் தடுக்கப்பட்டதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்போது, பிரித்து வைத்துப் பார்க்காமல் எதைக் கழிப்பது?

சிக்லிட்களில் இந்த மேல்கீழ் வரிசை வளர்ச்சியையே தொடும் என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்ட செய்தி. டாங்கனிக்கா ஏரியின் பர்ட்டோனி என்ற சிக்லிட்டை வைத்து ஹாஃப்மன், பென்சன், ஃபெர்னால்ட் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தன் இடத்தை இழந்து வரிசையில் கீழே இறங்கிய ஆண்களின் வளர்ச்சி குறைந்தது. சில உண்மையாகவே அளவில் சுருங்கின. அஞ்சி ஒடுங்கிய மீனின் உடம்பில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடுகிறது. அது குறைவாகத் தின்கிறது. தின்ற கொஞ்சமும் உடம்பில் ஒட்டுவதில்லை.

25 பிப்ரவரி

பெரிய மூன்றையும் வேறு தொட்டிக்கு மாற்றினேன். இரையை நாளுக்கு நான்கு தடவையாக, ஒவ்வொரு தடவையும் நான்கு இடங்களில் தூவுகிறேன்.

10 மார்ச்

எதிர்பார்த்ததில் பாதிதான் நடந்தது. நடுத்தரக் குஞ்சுகள் நன்றாகத் தேறிவிட்டன. ஆனால் நான்காவது இடத்தில் இருந்த குஞ்சு இப்போது அதே மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டுகிறது. கடைசி ஐந்தும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஓசூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஆடு மேய்த்து வளர்ந்த அம்மா, தொட்டியைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "மூணு குட்டி போட்ட ஆட்டுல ஒண்ணு முட்டிக் குடிக்க முடியாம நிக்கும்ல, அதைத் தனியாத்தான்டா ஊட்டணும்" என்றார். மேலே இருப்பதை எடுப்பதைவிடக் கீழே இருப்பதை எடுப்பதே வழி என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஐந்தையும் 20 லிட்டர் தொட்டிக்கு மாற்றி, நல்ல பாக்டீரியா குடியேறிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றையும், ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி நிறையக் கற்களையும் வைத்தேன்.

நகரில் தண்ணீர்ப் பஞ்சம் கடுமையாகிவிட்டது. கார் கழுவவும் செடிகளுக்கு ஊற்றவும் குடிநீரைச் செலவழித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருக்கும் வாரத்தில், மீனுக்காகக் குழாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

31 மார்ச்

மூன்று வாரமாகத் தண்ணீர் மாற்றுவதைப் பாதியாகக் குறைத்ததில், மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் ஏறி, பெரியவை உட்பட எல்லாமே மந்தமாகிவிட்டன. வளர்ச்சிக் குறைவு வேறு, வளர்ச்சி ஏற்றத்தாழ்வு வேறு என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும்: கெட்ட தண்ணீர் தொட்டி முழுவதையும் பிடிக்கிறது, பயமோ கீழே இருப்பதை மட்டும் பிடிக்கிறது.

ஆர்.ஓ. எந்திரம் சாக்கடைக்கு அனுப்பும் தண்ணீரை இப்போது வாளியில் பிடிக்கிறேன். அதன் கரி வடிகட்டி குளோரினை முன்பே எடுத்துவிடுகிறது. உப்புகள் கூடிய தண்ணீர்தான் என்றாலும், பிஎச் 7.7 முதல் 8.6 வரை உள்ள காரநீர் ஏரியிலிருந்து வந்த இந்த இனம் அதைத் தாங்கிக்கொள்கிறது. கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாகவே சேர்க்கிறேன். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் மாடித் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது.

14 ஏப்ரல்

புத்தாண்டுப் பூஜை முடிந்ததும் ஐந்தையும் அளந்தேன். ஐந்தில் நான்கு, 2.6 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டன. பெரிய மூன்றும் 3.8இல் இருப்பதால் இடைவெளி மூடவில்லைதான். ஆனாலும் ஐந்து வாரத்துக்கு முன் இவை 1.5இல் நின்றவை. நிறமும் திரும்பிவிட்டது. முதுகுத் துடுப்பின் ஓரத்தில் கறுப்புக் கோடு தெளிவாக விழுந்திருக்கிறது.

ஐந்தாவது மட்டும் 1.6இலேயே நிற்கிறது. டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது வாலுக்குச் சற்று முன்னால் அதன் முதுகெலும்பு வளைந்திருப்பது தெரிந்தது. இது பிறவிக் குறையாக இருக்கலாம். இரை எடுக்கிறது, நீந்துகிறது. இருக்கும்வரை என்னிடமே இருக்கட்டும்.

மற்ற நான்கில் ஒன்று இன்று மாலை இரை விழும் இடத்தில் நின்றுகொண்டு, வளைந்த முதுகுக் குஞ்சை இரண்டு முறை விரட்டியது. நடுவில் இன்னொரு கல்லை வைத்திருக்கிறேன்.